கொலைக்குப் பெயர் விடுதலையா?

கூலி வாங்கிக்கொண்டு கொல்பவனைக் கொலைகாரன் என்கிறது உலகம். அக் கூலி அரசின் கருவூலத்திலிருந்து வந்ததாயின், அவனே மறவனாகிவிடுகிறான், அவன் செய்த கொலை கடமையாகிவிடுகிறது, கொலையுண்டவன் பகைவனாகிவிடுகிறான். இவ்வளவு பெரிய புரட்டை மக்கள் எவ்வாறு வாய் திறவாமல் ஏற்றுக்கொள்கின்றனர்? ஏற்றுக்கொள்ளுமாறு பழக்கப்படுத்தப்பட்டிருக்கின்றனர் என்பதே அதற்கு விடை. அப் பழக்கத்தை ஊட்டும் கருவிகளுள் ஒன்று உளவுக்கதை.

1953இல் இயான் பிளெமிங்கு என்னும் ஆங்கிலேயர், சேம்சு பாண்டு என்னும் அரசுக் கொலைஞனைத் தம் முதற்கதையில் படைத்தார். இரண்டாம் உலகப்போரில் கடற்படையின் உளவுப்பிரிவில் பணியாற்றியவர் அவர். அவர் படைத்தவனுக்கு ஓர் எண். அவ்வெண்ணுக்குப் பொருள், கொல்லுவதற்கு அரசு தந்த உரிமம். அன்றுதொட்டு உலகெங்கும் அவனுக்குப் படிகள் எடுக்கப்பட்டுவிட்டன. தமிழ்நாட்டிலும் திங்கள்தோறும் விற்கப்பெற்ற சிறுநூல்களிலும், திரைப்படங்களிலும், இன்று கைப்பேசித் திரையிலும் அவன் பல பெயர்களில் உலவுகின்றான். கறுப்புக் கண்ணாடி, விரைந்தோடும் வண்டி, ஒலியடங்கிய துமுக்கி, இடையிடையே ஆங்கிலம்! படிப்பவன் நெஞ்சு படபடக்கிறது. கொலை விழும்போது கை தட்டுகிறான். எவன் எவனை எந்த முறைமன்றத்தின் தீர்ப்பின்படி கொன்றான் என்று வினவ அவனுக்கு நேரமில்லை.

இக் கதைகள் அனைத்தும் மூன்று பொய்களின்மேல் நிற்கின்றன. அரசின் கொலைஞன் ஆளைத் தவறவிடமாட்டான் என்பது முதற்பொய். இரண்டகன் எப்பொழுதும் பகைவன் பக்கத்திலேயே இருப்பான் என்பது இரண்டாம் பொய். ஏவியவர் கைகளில் குருதி படாது, படினும் அது நாட்டின் நன்மைக்கே என்பது மூன்றாம் பொய். கற்பனையை விடுத்து, நடந்த நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு இம் மூன்றையும் உரைத்துப் பார்த்தல் வேண்டும். அந் நிகழ்ச்சி, தமிழரைப் போன்றே தம் மொழியால் தம்மை அறிந்துகொண்ட ஒரு சிறிய இனத்தின் மண்ணில் நடந்தது.

மொழியுடையான் என்னும் பெயர்

இசுப்பானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள பிரனீசு மலையின் மேற்குக் கோடியில், இரு நாடுகளின் எல்லைக்கோட்டால் பிளக்கப்பட்டு வாழ்பவர் பாசுக்கு மக்கள். அவர்தம் மொழியாகிய எயூசுக்கரா, உலகில் வாழும் வேறெம் மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. தம் இனத்தான் ஒருவனை அவர்கள் 'எயூசுக்கல்துன்' என்று அழைக்கின்றனர். எயூசுக்கராவை உடையவன் என்பதே அச் சொல்லின் பொருள். அவர்தம் நாட்டின் பெயரும் அம் மொழியின் நாடு என்றே பொருள்படும். மொழியை இழந்தவன் பெயரையும் இழப்பான் என்னும் உண்மையை இதனினும் தெளிவாக எந்த இனமும் சொல்லிவைக்கவில்லை.

இத்தகைய மக்களை வல்லாட்சியாளனாகிய பிராங்கோ எவ்வாறு நடத்தினான்? 1937ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், அவனுக்குத் துணைவந்த செருமானிய, இத்தாலிய வானூர்திகள் கெர்னிக்கா என்னும் ஊரைக் குண்டு வீசி எரித்தன. போரில் வென்ற பின் அவன் ஆட்சி பாசுக்கு மொழியைப் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விரட்டியது. பிள்ளைக்குப் பாசுக்குப் பெயரிடவும் தடை வந்தது. பள்ளியில் தாய்மொழி பேசிய குழந்தையின் கையில் ஒரு கணையாழியைத் திணிப்பர். அக் குழந்தை, தாய்மொழி பேசும் மற்றொரு குழந்தையைக் காட்டிக்கொடுத்து அதனிடம் அக் கணையாழியைத் தள்ளிவிட வேண்டும். இறுதியில் எவர் கையில் அது தங்கியதோ அக் குழந்தைக்கு அடி. உளவும் இரண்டகமும் அம் மண்ணில் முதன்முதலாகப் பயிற்றுவிக்கப்பட்ட இடம் பள்ளிக்கூடம்!

இவ் வொடுக்குமுறைக்கிடையே 1959இல் 'எத்தா' என்னும் இயக்கம் தோன்றியது. பின்னர்ப் படைக்கலம் ஏந்தியது. 1975ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் பிராங்கோ இறந்தான். 1978இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 1982 அக்தோபரில் குமுகவுடைமைக் கட்சி பெருவெற்றி பெற்றுப் பெலிப்பே கொன்சாலெசு தலைமையமைச்சரானார். பிராங்கோ காலத்தில் ஒடுக்கப்பட்ட கட்சி அது. இனிக் கமுக்கக் கொலைகளுக்கும் கொடுந்துன்புறுத்தலுக்கும் முடிவு வந்துவிடும் என்று மக்கள் நம்பினர்.

ஓராண்டுதான் கழிந்தது. 1983 முதல் 1987 வரை, பிரான்சு நாட்டின் பாசுக்குப் பகுதியில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது கொலைத் தாக்குதல்கள் தொடர்ந்து நடந்தன. 27 பேர் மாண்டனர். கொன்றோர் தம்மை 'கால்' என்னும் சுருக்கப்பெயரால் அறிவித்துக்கொண்டனர். அதன் விரிவு, 'கொடுஞ்செயல் எதிர்ப்பு விடுதலைக் குழுக்கள்' என்பது. ஆம், விடுதலை! பாசுக்கு மக்கள் எச் சொல்லுக்காக ஏங்கினரோ, அச் சொல்லையே திருடிக் கொலைகாரன் தன் முகமூடியில் எழுதிக்கொண்டான்.

முதற்பொய்: ஆளைத் தவறவிடமாட்டான்

1983 திசம்பர் 4ஆம் நாள், எல்லையோர ஊராகிய எந்தாயாவில் செகுந்தோ மாரே என்பவர் தம் வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். அவர் அறைகலன் விற்கும் நிறுவனத்தில் பணியாற்றிய எளிய மாந்தர். எத்தாவோடு எத்தொடர்பும் இல்லாதவர். கூலிப்படையினர் வேறொருவர் என்று எண்ணி அவரைத் தூக்கிச் சென்றனர். ஆள் மாறிவிட்டதென்று ஏவியவர்க்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னும் விடுவித்தனரா? இல்லை. இசுப்பானியாவின் மலைப்பகுதியில் ஒரு குடிலில் பத்து நாள் அடைத்து வைத்தனர். பிரான்சுச் சிறையில் இருந்த இசுப்பானியக் காவலரை விடுவிக்க அவ்வரசை நெருக்குவதற்கு இத் தீங்கறியாதவர் பணயமாக்கப்பட்டார். இறுதியில் அவரை எல்லையருகே விட்டபோது, அவர் சட்டைப்பையில் ஓர் அறிக்கை இருந்தது. 'கால்' என்னும் பெயரை உலகம் முதன்முதல் கண்டது அத் தாளில்தான்.

இஃது ஒரு முறை நேர்ந்த பிழை அன்று. கொலையுண்ட 27 பேரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் எத்தாவோடு தொடர்பற்றவர். 1986 பிப்பிரவரியில் பயோன் நகர்க் குடிப்பகம் ஒன்றில் கூலிக் கொலைஞர் சுட்டபோது புண்பட்டோருள் குழந்தையும் உண்டு. 1987 சூலை 24ஆம் நாள் எந்தாயாவில் வண்டியில் வைத்த குண்டு வெடித்து மாண்ட உவான் கார்லோசு கார்சியா கோயெனா, கட்டாயப் படைப்பணியை மறுத்து எல்லை கடந்து வந்த இளைஞர். அவர் செய்த குற்றம், எவரையும் கொல்லப் பயில மறுத்தது! அக் கொலைக்காக இன்றளவும் எவரும் ஒறுக்கப்படவில்லை.

முறைமன்றத்தில் பிழை நேர்ந்தால் மேல்முறையீடு உண்டு. கமுக்கத்தில் கொன்றவன் பிழை செய்தால், அப் பிழையை மறைக்க அடுத்த குற்றம் ஒன்றே வழி.

இரண்டாம் பொய்: இரண்டகன் பகைவன் பக்கத்தில் இருப்பான்

1983 அக்தோபரில் பயோன் நகரில் இலாசா, சபாலா என்னும் இரண்டு ஏதிலிகள் காணாமற் போயினர். இருவரும் இருபதை ஒட்டிய அகவையினர். எல்லைக்கு அப்பால் கடத்திச் செல்லப்பட்டுத் தொனோசுத்தியா நகரில் அரசுக்குரிய மாளிகை ஒன்றில் அடைக்கப்பட்டனர், கொடுந்துன்புறுத்தலுக்கு ஆளாயினர். பின்னர் நாட்டின் மறுகோடியிலுள்ள அலிக்காந்தே மாவட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். புசோத்து என்னும் சிற்றூரருகே குழிதோண்டி, நீற்றாத சுண்ணாம்பு கொட்டி உடல்களைப் புதைத்தனர். 1985 சனவரியில் வேட்டைக்குச் சென்ற ஒருவர் எலும்புகளைக் கண்டார். எவர் எலும்புகள் என்று அறிவார் இல்லாமல் அவை பத்தாண்டு கிடந்தன. 1995இல்தான் பெயர் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டு அவ் விரு குடும்பத்தாரும் அழுவதற்கு ஓர் உடலின்றி இருந்தனர்.

கொன்றவர் எவர்? குடியரணின் காவலராகிய சிவில் காவற்படையினர். அப் பகுதிப் படைமனையின் தலைவராக இருந்த என்றிக்கே உரோத்திரிகெசு கலிந்தோவும், அம் மாவட்டத்தின் ஆளுநராக இருந்த எல்கோர்ரியாகாவும் 2000இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். இன்னொன்றையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். அவ்வெலும்புகள் அடையாளங் காணப்பெற்ற அதே 1995இல்தான் கலிந்தோ படைத்தலைவராகப் பதவி உயர்த்தப்பட்டார்!

1984 நவம்பர் 20ஆம் நாள், பில்பாவோ நகரில் குழந்தை மருத்துவரும் பாசுக்கு அரசியல் தலைவருமான சந்தியாகோ புரூவார்து, தம் மருத்துவ மனையிலேயே கூலிக் கொலைஞரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பிராங்கோ இறந்த அதே நாள். வல்லாட்சியாளன் மண்ணுக்குள் போனான். அவன் வழக்கம் போகவில்லை.

இரண்டகம் எங்கிருந்தது? கொடுங்கோலை முடிப்போம் என்று வாக்குப் பெற்றவர் ஆட்சியில் இருந்தது. அடைக்கலம் தந்த நாட்டிலும் இருந்தது. 1984 முதல் பிரான்சு அரசு ஏதிலிகளை இசுப்பானியாவிடம் ஒப்படைக்கத் தொடங்கிற்று. 1986க்குப் பின் அது விரைந்தது. அடைக்கலத்தைக் குலைப்பதற்காகவே கொலைகள் நடந்தன. அடைக்கலம் குலைந்தபின் கொலைகள் நின்றன. கொலைஞனின் கணக்கு நிறைவேறியது.

ஏவலாளரையும் ஏவியவர் கைவிட்டனர். கூலிப்படைக்கு ஆள் சேர்த்த காவல் அலுவலர் ஒசே அமேதோவும் அவர் துணைவர் மிசேல் தொமிங்கெசும் 1991இல் தனித்தனி நூறாண்டுக்கு மேற்பட்ட சிறை பெற்றனர். ஆட்சியாளர் தம்மை மீட்பர் என்று வாய்மூடிக் காத்திருந்தனர். தம் வாயை அடைக்கக் கமுக்கப் பணம் தரப்பட்டதென்று அவர்களே பின்னர்க் கூறினர். மீட்சி வரவில்லை. 1994 இறுதியில் நடுவர் பால்தசார் கார்சோன் முன் வாய் திறந்தனர். கூலிக்குக் கொன்றவன் தனக்கு நேர்ந்த இரண்டகத்துக்காகத்தான் உண்மை பேசினான், கொலையுண்டவனுக்காக அன்று.

மூன்றாம் பொய்: ஏவியவர் கை தூயது

1987இல் 'தியாரியோ 16' என்னும் நாளேட்டின் செய்தியாளர் இருவர், எல்லையோரக் காட்டில் இக் குழுவின் மறைவிடம் ஒன்றைக் கண்டுபிடித்து, அங்கிருந்த படைக்கலங்களையும் ஆவணங்களையும் வெளிப்படுத்தினர். வழக்கு மேலேறியது. 'கமுக்கச் செலவுப் பணம்' என்னும் கணக்கிலிருந்து எவர் எவருக்கு எவ்வளவு சென்றதென்று நடுவர் கேட்டபோது, நாட்டின் பாதுகாப்பைக் காட்டி அமைச்சகம் விடை மறுத்தது. குடிமக்கள் உழைத்துக் கட்டிய வரியில் கொலைஞனுக்குக் கூலி. எவ்வளவு என்று கேட்டால் நாட்டுக்குத் தீங்கு! கொன்றதனால் நாட்டுக்குத் தீங்கில்லை; கொலைக்குக் கணக்குக் கேட்டால்தான் தீங்கு போலும்!

1998 சூலையில் இசுப்பானியாவின் தலைமை முறைமன்றம், முன்னாள் உள்துறை அமைச்சர் ஒசே பார்ரியோநுவேவோவையும் அவர்க்கு அடுத்த நிலையில் பாதுகாப்புப் பொறுப்பேற்றிருந்த இரபேல் வேராவையும், மாரேயைக் கடத்தியமைக்கும் பொதுப்பணத்தைக் கையாடியமைக்கும் குற்றவாளிகள் என்று தீர்த்துப் பத்தாண்டுச் சிறை விதித்தது. அவ் வாண்டு செப்தம்பரில் குவாதலகாராச் சிறைவாயில் வரை சென்று அவர்களைத் தழுவி வழியனுப்பியவர் யார்? முன்னாள் தலைமையமைச்சர் கொன்சாலெசு! அவர்கள் எத்தனைக் காலம் உள்ளே இருந்தனர்? ஏறத்தாழ மூன்று திங்கள். திசம்பரில் ஒறுப்புக் குறைப்பு வந்துவிட்டது. குறைத்தது எவர் அரசு? எதிர்க்கட்சியாக இருந்தபோது இக் கொலைக்குழுவைச் சுட்டி நாளெல்லாம் முழங்கிய கட்சியின் அரசு! எழுபதாண்டுக்கு மேற்பட்ட சிறை பெற்ற கலிந்தோவும் உடல்நலக் கரணியம் காட்டி 2004இல் வெளியே வந்தார், 2021இல் இறந்தார்.

நடுவர் கார்சோன் வரைந்த அடுக்குமுறைப் படத்தின் உச்சியில், இக் குழுவை அமைத்த தலைவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பெருக்கற்குறி மட்டும் இருந்தது. அக் குறி இன்றும் குறியாகவே இருக்கிறது. 2020இல் வெளிவந்த அமெரிக்க உளவுத்துறையின் 1984ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று, கூலிப்படை அமைக்கக் கொன்சாலெசு இசைந்தார் என்று குறிப்பிடுகிறது. அவரோ தமக்குத் தொடர்பில்லை என்று மறுத்தே வந்துள்ளார். அதற்காக அவர்மீது எந்த முறைமன்றத்திலும் வழக்கு நடந்ததில்லை. உளவுக்கதையின் இறுதிப் பக்கத்தில் மறை வெளிப்பட்டுவிடும். உண்மை நிகழ்ச்சியில் அப் பக்கத்தைக் கிழித்தவரே நூலையும் கையில் வைத்திருக்கின்றனர்.

எதிருரைக்கு மறுப்பு

'எத்தா மட்டும் கொல்லவில்லையா?' என்று சிலர் கேட்பர். கொன்றது. எண்ணூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1987 சூன் 19ஆம் நாள் பார்சிலோனா நகர்க் கடை ஒன்றில் அது வைத்த குண்டுக்கு 21 பேர் இரையாயினர். பொருள் வாங்க வந்த குடும்பத்தார் அவர்கள். இதனை மறைப்பதும் குறைத்துரைப்பதும் அறமாகாது. மொழிக்காதல் எவர்க்கும் குழந்தையைக் கொல்லும் உரிமத்தைத் தந்துவிடாது.

ஆயின், அக் கொலைகளுக்குச் சட்டம் இருந்தது, சிறை இருந்தது, எத்தாவினர் நூற்றுக்கணக்கில் சிறையில் கிடந்தனர். அரசின் கொலைக்கு என்ன இருந்தது? கொலைகாரனைப் பிடிக்க வேண்டியவனே கொலை செய்தால், குடிமகன் எவனிடம் சென்று முறையிடுவான்? வேலியே பயிரை மேய்ந்தால் காவல் எங்கே? கொடுஞ்செயலை ஒழிக்கவே இக் குழு என்றனர். ஒழிந்ததா? 'கால்' குழு ஓய்ந்த பின்னும் எத்தாவின் கொலைகள் பல்லாண்டு தொடர்ந்தன. சுண்ணாம்புக் குழியில் இரண்டு இளைஞரைப் புதைத்த அரசு, இருநூறு இளைஞரை அவ்வியக்கத்துக்கு விதைத்தது என்பதே சரி. 2011இல் எத்தா படைக்கலப் போரை நிறுத்தியதும், 2018இல் தன்னைக் கலைத்துக்கொண்டதும் கூலிக் கொலைஞராலன்று. பாசுக்கு மக்களே கொலையை வெறுத்து விலகியதும், சட்ட வழியிலான நடவடிக்கையுமே அதற்குக் கரணியம்.

சொல்லைக் காத்தல் உயிரைக் காத்தல்

கொலைகள் நின்ற பின்னும் பாசுக்கு மொழியின்மேல் ஐயம் நிற்கவில்லை. 2003 பிப்பிரவரியில், முழுதும் பாசுக்கு மொழியில் வெளிவந்த ஒரே நாளேடாகிய 'எகுன்காரியா' எத்தாவின் கருவி என்று குற்றஞ்சாட்டி மூடப்பட்டது. அதன் ஆசிரியர் தளையிடப்பட்டு, தாம் துன்புறுத்தப்பட்டதாக முறையிட்டார். ஏழாண்டு கழித்து, 2010இல், குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. அவர் முறையீட்டை முறையாக உசாவவில்லை என்று 2012இல் ஐரோப்பிய மாந்த உரிமை மன்றம் இசுப்பானியாவைக் குறைகூறியது. தீர்ப்பு வந்தது; மூடப்பட்ட ஏடு மீளவில்லை.

ஆயினும் அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. 2014இல் இலாசா, சபாலா கொலையை அவர்கள் திரைப்படமாக்கினர். அதனைத் தம் தாய்மொழியிலேயே எடுத்தனர். அதுவும் உளவுக்கதைதான், கொலையும் இரண்டகமும் நெஞ்சைப் பதைக்கவைக்கும் திருப்பங்களும் உடைய கதைதான். ஆனால் அதில் கை தட்ட இடமில்லை. கொலைஞனின் துமுக்கிக்குப் பின்னின்று பார்க்கும் கதை ஒன்று. குழிக்குள் கிடந்தவன் பக்கம் நின்று பார்க்கும் கதை மற்றொன்று. எதனைத் தன் மக்களுக்குச் சொல்கிறது என்பதை வைத்தே ஓரினத்தின் அறிவை அளக்கலாம்.

இங்குத் தமிழர் தம் நாவைத் தாமே உசாவிக்கொள்ளல் வேண்டும். காவல்துறையின் காவலில் இருந்தவனோ, தேடப்பட்டவனோ சுடப்பட்டு இறந்தால், தமிழ்ச் செய்தித்தாள்கள் என்ன எழுதுகின்றன? 'என்கவுண்டர்' என்று எழுதுகின்றன. எதிர்ப்படுதல் என்பதே அவ் வாங்கிலச் சொல்லின் பொருள். எவன் எவனை எதிர்ப்பட்டான்? எவன் முதலிற் சுட்டான்? கண்டவர் யார்? இவ் வினாக்கள் அனைத்தையும் அந்த ஒரு கடன்சொல் விழுங்கிவிடுகிறது. 'சுட்டுக் கொன்றனர்' என்று தமிழில் எழுதினால், கொன்றவர் எவர் என்னும் வினா உடனே எழும். தமிழ் வினைச்சொல்லின் ஈற்றிலேயே எழுவாய் ஒளிந்து நிற்கிறது. அதை மறைக்கவே வேற்றுச்சொல் வேண்டியிருக்கிறது. 1980இல் வட ஆர்க்காடு, தருமபுரி மாவட்டங்களில் நக்சலியர் எனப்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்ட காலந்தொட்டு இம் மறைப்பு நடந்து வருகிறது. 2014இல் இந்தியத் தலைமை முறைமன்றமே, இத்தகைய ஒவ்வொரு சாவிலும் வழக்குப் பதிந்து, தொடர்பற்ற வேறு குழுவினரைக் கொண்டு உசாவ வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. நடுவரே ஐயுறும் ஒன்றைச் செய்தித்தாள் ஐயுறாமல் எழுதுகிறது. திரைப்படம் பாட்டுக் கட்டிப் போற்றுகிறது!

அங்கே 'விடுதலை' என்னும் நற்சொல்லைத் திருடிக் கொலைக்குப் போர்த்தினர். இங்கே பொருள் விளங்காத கடன்சொல்லைக் கொணர்ந்து கொலைக்குப் போர்த்துகின்றனர். போர்வை வேறு, உள்ளே கிடக்கும் உடல் ஒன்றே. தனித்தமிழ் என்பது வெறும் சொல்லாய்வு, புலவர் பொழுதுபோக்கு என்று எள்ளுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். தெளிந்த தாய்மொழியில் பேசும் மக்களிடம் கொலையைக் கொலையென்றே சொல்லியாக வேண்டும். வேறு பெயர் சொல்லி ஏய்க்க முடியாது.

ஆகவே, அரசுக் கொலைஞனை மறவனாக்கும் கதையைத் தமிழர் காசு கொடுத்து வாங்காதிருப்பாராக. வீட்டில் பிள்ளைகள் அதனைப் பார்த்துக் கை தட்டுவராயின், 'கொல்லப்பட்டவன் யார்? தீர்ப்புச் சொன்னவர் யார்? கூலி கொடுத்தவர் யார்?' என்னும் மூன்று வினாக்களைக் கேட்கக் கற்பிப்பாராக. செய்தித்தாளில் கடன்சொல்லால் மூடப்பட்ட கொலையைக் காணுந்தோறும், அதற்குரிய தமிழ்ச்சொல்லை உரக்கச் சொல்வாராக. சொல் தெளிந்தால் வினா எழும். வினா எழுந்தால் கணக்குக் கேட்கப்படும். கணக்குக் கேட்கும் மக்களிடம் கூலிக் கொலைஞனை வைத்து ஆள எந்த அரசாலும் முடியாது.